ஏழாவது நிமிடத்தில் என் குரல்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். செஞ்சிக் கோட்டை மலை ராஜகிரிக்கு மேலே மேகம் திரண்டது, மழை இல்லை. செய்ய வேண்டியவை மூன்று: கரண்ட் பில், கண்ணுக்குச் சொட்டு மருந்து, மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வளையம். மூன்றும் நடக்கவில்லை. காரணம் ஒரு கேள்வி.

பத்தரை மணிக்கு நந்தினி ஃபோன் செய்தாள். ட்ரம்பெட் வாசிக்கும் ஏழுமலையின் மகள். சென்னையில் ஒலிப்பதிவு வேலை. என் உடம்பை விசாரித்தாள், மனைவி கமலாவின் முழங்காலை விசாரித்தாள், பிறகு கேட்டாள்.

“சார், ஆல்பத்துல ஒரு இடத்துல உங்க குரல் வருது. வெட்டிடட்டுமா, இருக்கட்டுமா?”

முப்பத்து நான்கு வருடம் அறிவியல் வகுப்பில் கேள்வி கேட்டவன் நான். “யோசிச்சுப் பதில் சொல்லு” என்று தினமும் சொன்னவன். யோசிக்கவே இல்லை.

“வெட்டிடும்மா. பாட்டுக்கு நடுவுல என் குரல் எதுக்கு?”

“சரிங்க சார்.” ஏதோ சொல்ல வந்தவள் போலச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். “அப்பாகிட்ட சொல்லிடறேன்.”

அந்தப் பேசாமல் இருந்த நேரம்தான் மத்தியானம் முழுவதும் உறுத்தல். தூக்கமில்லை. முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு எதுவும் விளங்கும்.

ஏழுமலை. வயது ஐம்பத்தைந்து இருக்கும். அப்பா முனுசாமி இந்த ஊரில் பேண்டு செட்டு வைத்திருந்தார். கல்யாணம், காது குத்து, சாவு, எல்லாவற்றுக்கும் அந்த செட்டுதான். மகன் சிறு வயதிலேயே அதில் ட்ரம்பெட் பிடித்தார். பிறகு சென்னை. பிறகு வெளிநாட்டு மேடைகள். இப்போது ஜாஸ் ஃபியூஷன். ட்ரம்பெட்டில் இதுவரை யாரும் எடுக்காத ஓசையெல்லாம் எடுக்கிறார் என்று பேப்பரில் போட்டார்கள்.

பிப்ரவரியில் எங்கள் வாசகர் வட்டம் அவரைக் கூப்பிட்டது. “சொந்த ஊர்ல வாசிக்கிறேன் சார். ஆனா அதையே ரெக்கார்டு பண்ணி ஆல்பமா போடுவேன்” என்றார். திண்டிவனம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மாலை நாலரை முதல் ஏழு வரை. மைக் பிடித்து அறிவிப்புச் செய்தது நான். மறுநாள் அதே மண்டபத்தில் கல்யாணம். ஆறு மணிக்கே பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ட்ரம்பெட்டில் சாவு ஊர்வல மெட்டு. இந்தப் பக்கம் பிறந்த யாருக்கும் இரண்டு அடி கேட்டதும் தெரிந்துவிடும். கல்யாணம் நடக்கும் இடத்தில் அதை வாய்க்குள் முனகக்கூட மாட்டார்கள். மண்டபத்துக்காரர் குப்புசாமி என்னிடம் ஓடி வந்தார்.

“சார், பொண்ணு வூட்டுக்காரங்க தாம்பாளத்தோட வாசல்ல நிக்கிறாங்க. உள்ள இன்னா வாசிக்கிறாரு பாருங்க! நிறுத்தச் சொல்லுங்க சார்!”

நான் மைக்கில், நேரமாகிறது, அடுத்த பாட்டுக்குப் போகலாம் என்றேன். ஏழுமலை நிறுத்தினார். பிறகு துள்ளலாக வேறொன்று எடுத்தார். கூட்டம் எழுந்து ஆடியது. நானும் கைதட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

அவ்வளவுதான்.


ஜூன் 10, செவ்வாய்

சொட்டு மருந்து வாங்கியாயிற்று. ரப்பர் வளையம் அளவு சரியில்லை, மாற்ற வேண்டும். மார்க்கெட் கமிட்டிக்கு நெல் ஏற்றி வந்த லாரிகள் காலையிலிருந்தே ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

நந்தினி அந்தப் பாட்டை ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறாள். கீழே ஒரு வரி: “ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க சார்.” அதுதான் நேற்றே சொல்லியாயிற்றே.

மதியம் கமலா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைப் போட்டேன்.

“இதுக்குப் பேரு இன்னா சொன்னீங்க?”

“ஜாஸ் ஃபியூஷன்.”

“அப்படின்னா?”

“வகுப்புல பசு மாட்டைப் பத்திக் கட்டுரை எழுதச் சொல்றேன்னு வெச்சுக்கோ. முதல் வரியை எல்லாரும் சேர்ந்து சத்தமா படிக்கிறாங்க. அப்புறம் ஒவ்வொருத்தனா எழுந்து பசுவைப் பத்தி அவனவன் இஷ்டத்துக்குப் பேசறான். கடைசியில எல்லாரும் அந்த முதல் வரிக்கே வந்துடணும். அது ஜாஸ்.”

“ஒருத்தன் பசுவைக் கொண்டுபோய்த் தென்னை மரத்துல கட்டிட்டு, தென்னை மரத்தைப் பத்திப் பேசினா?”

“அதான் ஃபியூஷன்.”

சிரித்தாள். நான் சொன்னதில் பாதிதான் சரி. ஆனால் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு, “இப்ப கிடார் பேசுது”, “இப்ப தென்னை மரம்” என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ட்ரம்பெட்டில் மூன்று பொத்தான்கள்தான். முழுதாக அழுத்தினால் ஒரு சுரம், விட்டால் ஒரு சுரம். ஏழுமலை பாதி அழுத்துகிறார். சுரம் படியில் இறங்காமல் சறுக்கு மரத்தில் இறங்குகிறது, நாகசுரம் மாதிரி. காலடியில் ஒரு பெட்டி. மிதித்தால் இவர் வாசித்ததையே சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்கிறது. கோட்டைப் பாறைக்கு எதிரே நின்று கூப்பிட்டால் பாறை திரும்பக் கூப்பிடுமே, அப்படி. அந்தப் பாறையோடு இவர் பேச்சு நடத்துகிறார். அப்புறம் குளியலறை மக்கு. சிவப்பு பிளாஸ்டிக். அதை ட்ரம்பெட்டின் வாய்ப்பக்கம் மூடித் திறக்கிறார், ஆள் பேசுவது போலவே கேட்கிறது.

“அந்த மக்கு நம்ம மண்டபத்து மக்குதான்” என்றாள் கமலா. “கை கழுவப் போனப்போ தேடினேன், இல்ல. மேடையில பாத்தா அவர் கையில இருக்குது.”

நேரடிப் பதிவு என்றால் பேனாவால் எழுதும் பரீட்சை என்றும் அவளுக்குச் சொன்னேன். பென்சில் இல்லை, ரப்பர் இல்லை. அடித்துவிட்டு எழுதலாம். ஆனால் அடித்தது தெரியும்.

ஆறாவது நிமிடம் முடியப் போகிறது. கமலா கையில் இருந்த மல்லாட்டையை உரிக்காமல் வைத்துக்கொண்டாள்.

“இப்ப வரும்” என்றாள்.

நிறுத்திவிட்டேன். யாரோ கேட்டைத் தட்டுவது போல இருந்தது என்றேன். யாரும் தட்டவில்லை. அவளுக்கும் தெரியும்.


ஜூன் 11, புதன்

கமலா ரேஷன் கடைக்குப் போனாள். காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்டேன். கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதுகிறேன்.

தொடக்கம்: ட்ரம்பெட் தனியாக. நீளமான ஒரே சுரம். கூட்டத்தில் ஒரு குழந்தை இருமுகிறது.

பிறகு டிரம், பேஸ் கிடார், கீபோர்டு. ஒவ்வொன்றாகச் சேர்கின்றன.

நான்காவது நிமிடம் சாவு மெட்டு. மெதுவாக. அன்று இதை நான் கேட்கவே இல்லை, இன்ன மெட்டு என்று கண்டுபிடித்ததோடு சரி. நேற்றும் பேச்சுக்கு நடுவே காதில் ஏறவில்லை. இப்போதுதான் கேட்கிறேன். அழகாக இருக்கிறது. கீபோர்டு அடியில் ஈரத் துணி விரித்தது போல. அதன்மேல் ட்ரம்பெட் நடந்து போகிறது.

ஏழாவது நிமிடம். மைக்கில் கிரீச். என் குரல்:

“ஏய், ஏழுமலை, நிறுத்து. அதெல்லாம் தெருவோட வெச்சுக்க. இது கல்யாணம் நடக்கிற இடம்.”

சிரிப்பு. ஒருவர் இருவர் இல்லை, நிறையப் பேர். ஒரு குரல்: “அப்படிச் சொல்லுங்க சார்!” கைதட்டல்.

பிறகு டிரம் மட்டும்.

மூன்று முறை போட்டுக் கேட்டேன். வேறு யாருடைய குரலோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ‘கல்யாணம்’ என்பதில் அந்த அழுத்தம் என்னுடையது. வகுப்பில் ‘கவனம்’ என்று சொல்லும் அழுத்தம்.

நேரமாகிறது, அடுத்த பாட்டுக்குப் போகலாம் என்று சொன்னதாக நான்கு மாதமாக நம்பியிருக்கிறேன். முந்தாநாள் இந்த நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கத் தோன்றியது. கிழிக்கவில்லை.

கமலா பையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“கேட்டுட்டீங்களா?”

“நான் அப்படியா பேசினேன்?”

“அன்னிக்கே ஆட்டோல சொன்னேனே. ‘ஏன் அந்த மனுஷனை அப்படிப் பேசினீங்க’ன்னு.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘எப்படிப் பேசினேன்’னு கேட்டீங்க. நான் விட்டுட்டேன்.”

பருப்பு இந்த மாதமும் இல்லையாம். சர்க்கரை மட்டும் போட்டார்களாம்.


ஜூன் 12, வியாழன்

வெயில் கடுமை. தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது.

தெரு. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். குப்புசாமி சொல்லிக் கொடுக்கவில்லை. “நிறுத்தச் சொல்லுங்க” என்றதோடு சரி.

சொந்த ஊர் வல்லத்தில் என் அப்பா இறந்தபோது முனுசாமி செட்டுதான் வாசித்தது. காலையிலிருந்து எடுக்கும் வரை. தெருமுனையில், புங்க மரத்தடியில் நின்று வாசித்தார்கள். வீட்டு வாசலுக்கு வரவில்லை. வர வேண்டியதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அங்கேயே இலை போட்டோம். நான்தான் பரிமாறினேன், அதைப் பெரிய காரியமாக அப்போது நினைத்தேன். வாங்க, உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் சமத்துவம் பற்றிப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

தெரு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அவ்வளவு வருடம் நாக்கிலேயே உட்கார்ந்திருந்து, சமயம் பார்த்து இறங்கியிருக்கிறது.

பதினொன்றுக்கு நந்தினிக்கு ஃபோன்.

“அம்மா, வெட்டிட்டியா?”

“பாட்டையே எடுத்துட்டேன் சார்.”

“பாட்டை ஏன் எடுத்தே? என் குரலை மட்டும்தானே சொன்னேன்?”

“அது மட்டும் வராது சார். நீங்க ஹால் மைக்ல பேசினீங்க. அது மேடையில இருந்த எல்லா மைக்லயும் ஏறியிருக்கு. டிரம் மைக்ல, அப்பா மைக்ல, எல்லாத்துலயும். உங்களை எடுக்கணும்னா அந்த இடத்துல டிரம்மும் போயிடும். டிரம் போச்சுன்னா பின்பாதிக்குப் பாலம் இல்ல.”

“வேற தடவை வாசிச்சது?”

“லைவ் சார். ஒரு தடவைதான்.”

“அந்தப் பாட்டுக்குப் பேரு என்னம்மா?”

“முனுசாமி.”

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

“ஆல்பத்துலயே பெரிய பாட்டு அதுதான் சார். அப்பா ‘சார் சங்கடப்படுவாரு, எடுத்துடு’ன்னுட்டாரு. திங்கட்கிழமை எல்லாத்தையும் அனுப்பணும்.”

“இருக்கட்டும்மா. வெட்ட வேணாம். நான் சொன்னது தப்பு.”

“நான் முடிவு பண்ண முடியாது சார். சனிக்கிழமை அப்பா செஞ்சிக்கு வர்றாரு. நீங்களே பேசுங்க.”

என் வாயால் முனுசாமி இரண்டாம் தரம் தெருவில் நிற்கிறார்.


ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் நாலு தூறல். மண் வாசனை கூட எழவில்லை.

இன்று பின்பாதியைக் கேட்டேன். டிரம் ஓய்ந்து ட்ரம்பெட் திரும்ப வரும் இடத்திலிருந்து. எல்லோரையும் எழுந்து ஆட வைத்த அந்தத் துள்ளல் மெட்டு. எங்கேயோ கேட்டது போல. புதிது என்றல்லவா நினைத்தேன்?

பழைய பீரோவில் வரைபடத் தாள் இருந்தது. கீழ்க்கோட்டில் நேரம், செங்குத்துக் கோட்டில் சுரத்தின் ஏற்ற இறக்கம். எனக்குச் சுரம் பெயர் சொல்லத் தெரியாது. ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு என்பது மட்டும் காதுக்குத் தெரிந்தவரை புள்ளி வைத்தேன். முதலில் சாவு மெட்டு. பிறகு துள்ளல் மெட்டு. புள்ளிகளைச் சேர்த்தேன்.

ஒரே மலை. ஒரே சரிவு, ஒரே பள்ளம், கடைசியில் அதே சின்ன மேடு. ஒன்று அகலமாக, ஒன்று நெருக்கமாக. ராஜகிரியை வல்லம் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி, பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் ஒடுக்கமாக. மலை ஒன்றுதான்.

நிறுத்தச் சொன்ன அதே மெட்டை அவர் நடை கூட்டி வாசித்திருக்கிறார். நான் முன் வரிசையில் நின்று கைதட்டியிருக்கிறேன். கமலாவிடம் தாளைக் காட்டினேன்.

“பெண் வீட்டுக்காரங்களும்தான் ஆடினாங்க” என்றாள். “தாம்பாளத்தைக் கீழ வெச்சுட்டு.”


ஜூன் 14, சனி

காலை எட்டு மணிக்கே வெயில் முகத்தில் அடித்தது. நடந்தே போனேன். முனுசாமி வீடு காலனியில், மூன்றாவது வரிசை. நாற்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன், ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க அந்த வரிசைக்குப் போயிருக்கிறேன். வாசலோடு. உள்ளே போனது இன்றுதான்.

ஏழுமலை தரையில் உட்கார்ந்து ட்ரம்பெட்டைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க சார். டீ குடிப்பீங்களா?”

சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சாதாரணமாகக் கேட்கவில்லை. குடிப்பேன் என்றேன். அவரே போட்டுக் கொண்டுவந்தார். இஞ்சி அதிகம்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் தயார் செய்திருந்தேன். எல்லாம் போய் ஒன்றுதான் மிஞ்சியது.

“அன்னிக்கு நான் பேசினது தப்பு.”

பரவாயில்லை சார் என்பார் என்று எதிர்பார்த்தேன். இப்போது எழுதும்போது ஒத்துக்கொள்கிறேன், எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் பொத்தானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஆமா சார். தப்புதான்.”

டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தேன். அவர்தான் திரும்பப் பேசினார்.

“ஆனா ஒண்ணு சார். கரெக்டா தாளத்துலதான் உள்ள வந்தீங்க. எங்க டிரம்மர் பையன் சொல்றான், ‘அண்ணே, அந்த சார் முதல் அடியில, சமத்துல எடுத்தாரு’ங்கிறான்.”

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபின் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அந்த மெட்டை ஏன் அங்க வாசிச்சீங்க? மண்டபம்னு தெரியுமே.”

“எங்க நைனா ஒரு நாள் காலையில தவறிப்போனாரு சார். இருபது வருஷம் இருக்கும். செட்டு முழுக்க அன்னிக்கு அவலூர்பேட்டையில ஒரு கல்யாணத்துல நிக்குது. நானும் அங்கதான் வாசிச்சுக்கினு இருந்தேன். ஆள் வந்து சொன்னாங்க. தாலி கட்டற நேரம். எப்படி வுட்டுட்டு வர்றது? ‘வாக்குக் குடுத்தா முடிச்சுட்டுத்தான் வரணும்’னு அவரே சொல்லி வளத்தது. முடிச்சுட்டு வந்து சேர்றதுக்குள்ள, வெயில்ல தாங்காதுன்னு எடுத்துட்டாங்க. ஊருக்கெல்லாம் வாசிச்ச மனுஷன், ஒரு அடி மேளம் இல்லாம போயிட்டாரு.”

எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார்.

“கல்யாணத்துல வாசிச்சுக்கினு அவர் சாவைத் தவற வுட்டேன். அதான், கல்யாண மண்டபத்துலயே அவருக்கு வாசிச்சுடணும்னு. முன்னாடியே சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பீங்களா?”

“மாட்டேன்” என்றேன்.

“அதான் சொல்லல.”

“ரெண்டும் ஒரே மெட்டு. தாள்ல போட்டுப் பார்த்தேன்.”

முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். “கண்டுபிடிச்சுட்டீங்களா! எங்க நைனாவுக்கு மொத்தமே பத்துப் பதினஞ்சு மெட்டுதான் சார். கல்யாணத்துக்கும் அதான், சாவுக்கும் அதான். நடைதான் வேற. மெதுவா போனா சாவு, ஓடினா கல்யாணம். இந்த ஊரு ஜனங்களுக்கு இன்னி வரைக்கும் தெரியாது.”

“நான் நிறுத்தச் சொன்னப்போ என்ன நினைச்சீங்க?”

“பெட்டியில போட்டுப் பூட்டிட்டு எறங்கிடலாம்னு.” கழற்றிய பொத்தானைத் திரும்ப மாட்டினார். “நின்னேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. டிரம்மர் என்னைப் பாக்கிறான், ‘போறமா, இருக்கமா’ன்னு. மெட்டைப் பாதியில வுட்டா நைனா ஒதைப்பாரு. சரி, மெதுவாத்தானே போகக்கூடாது, ஓடுவோம்னு எடுத்தேன்.”

வெட்ட வேண்டாம் என்றேன். பாட்டு முழுசாக வரட்டும், என் குரலோடு. அவர் தலையை ஆட்டினார்.

“வேணாம் சார். உங்களுக்கு ஊர்ல ஒரு பேர் இருக்குது.”

“உங்க நைனாவுக்குப் பேர் இல்லையா?”

கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவருக்கும் கோபம் வந்தது. நல்லதுதான். நான்கு மாதமாக அவர் என்மீது கோபப்படாமல் இருந்தார் என்பதைத்தான் இந்த மூன்று நாளாகத் தாங்க முடியவில்லை.

“அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க” என்றார். “அது யாரு, ஏன் கத்துறாருன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. ஆல்பம் அட்டையில நாலு வரி வரணும். நீங்களே எழுதிக் குடுங்க. நான் எழுதினா திட்டிடுவேன்.”


ஜூன் 15, ஞாயிறு

எழுதினேன், கிழித்தேன். ஆறு தரம்.

முதல் வரைவில் குப்புசாமி வந்தார், பெண் வீட்டார் வந்தார்கள், தாம்பாளம் வந்தது. என்னைத் தவிர எல்லோரும் வந்தார்கள். இரண்டாவதில் ‘அன்றைய சூழ்நிலையில்’ என்று தொடங்கியிருந்தேன். பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாததற்கு எழுதிக் கொண்டுவரும் கடிதம் மாதிரி. மூன்றாவதில் ஒரே அழுகை. அதுவும் என்னைப் பற்றியதுதான்.

தலைவலி. மாலை கடைத்தெருவுக்குப் போனேன். ரப்பர் வளையம் சரியானது கிடைத்தது. டீக்கடையில் குப்புசாமி.

“சார், ரெக்கார்டுல நீங்க திட்டுறது வருதாமே! எம் பேரு வருதா?”

“வரல.”

“நல்லதாப் போச்சு. நான் மெதுவா சொல்லுங்கன்னுதான் சொன்னேன். நீங்கதான் ஊருக்கே கேக்கிற மாதிரி சொல்லிட்டீங்க.”

மறுக்கவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள் என்று அவர் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆனால் என் ஞாபகத்தின் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

“அந்தக் கல்யாணப் பொண்ணு மாசமா இருக்குதாம் சார்” என்றார், கிளாஸைக் கழுவ வைத்துவிட்டு. “வளைகாப்புக்கு நம்ம மண்டபந்தான் கேக்கிறாங்க. அன்னிக்கு அந்தப் பாட்டு வாசிச்சாரே, அவர் வருவாரான்னு கேட்டாங்க.”

“எந்தப் பாட்டு?”

“அதான் சார், எல்லாரும் ஆடினோமே.”

ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். தாளை எடுத்துக் காட்டியிருக்கலாம். ஏழுமலையின் ரகசியத்தை நான் உடைக்கக் கூடாது.


ஜூன் 16, திங்கள்

அதிகாலையில் நல்ல மழை, அரை மணி. பாறைகளெல்லாம் கறுத்துப் பளபளப்பு. கரண்ட் இல்லை.

ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு முடிந்தது. கமலாவிடம் படித்தேன். “‘மன்னிக்கவும்’னு ஒரு வார்த்தை இல்லையே” என்றாள். மன்னிப்பை அட்டையில் அச்சடித்து வாங்கிக்கொள்ளக் கூடாது என்றேன். சரி என்றாள். நந்தினிக்கு அனுப்பியது இது. நகல்:

‘இந்தப் பாட்டின் பெயர் முனுசாமி. ஏழுமலையின் தந்தை. எங்கள் ஊரின் எல்லாச் சாவுகளுக்கும் எல்லாக் கல்யாணங்களுக்கும் வாசித்தவர். அவர் இறந்தபோது அவருக்கு வாசிக்க யாருமில்லை. மகன் அந்தச் சாவு மெட்டை செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்தார். ஏழாவது நிமிடத்தில் ஒருவர் மைக்கில் குறுக்கிட்டு, அதைத் தெருவோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அந்தக் குரல் என்னுடையது. என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. சிரிப்பும் கைதட்டலும் என் ஊராருடையவை. அதன் பிறகு டிரம் மட்டும் கேட்கும். அப்போது ஏழுமலை ட்ரம்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் மேடையில் நிற்கிறார். அவர் மறுபடி அதை உதட்டில் வைக்கும் வரை, டிரம் அடிக்கு ஒன்றாக, எண்ணிப் பாருங்கள்.’